‘துறுதுறு’ என்றால் எந்தக் கட்டம்?

ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைபாடு, மிகைச்செயல்பாட்டுக் கோளாறு ஒருவருக்கு இருக்கிறதா என்பதை ரத்தப் பரிசோதனையோ மூளை ஸ்கேனோ சொல்லிவிடாது. சமூக ஊடகக் காணொளியில் வரும் கேள்விப் பட்டியலும் சொல்லாது. உளவியலாளர் உட்காரவைத்து நிறையப் பேசுகிறார். கேள்வித்தாள்களை நிரப்பச் சொல்கிறார். அந்தப் பேச்சில் கணிசமான பகுதி தொடக்கப்பள்ளி நாள்களைப் பற்றியது.

காரணம், ஏடிஎச்டி இருபது வயதில் திடீரென்று முளைப்பதில்லை. உளவியலாளர்கள் பரவலாகப் பயன்படுத்தும் டிஎஸ்எம்-5 கையேட்டின்படி, பல அறிகுறிகள் 12 வயதுக்கு முன்பே தென்பட்டிருக்க வேண்டும். வீடு, பள்ளி போன்ற இரண்டு சூழல்களிலாவது அவை இருக்கவேண்டும். வாழ்க்கையைப் பாதிக்கவும் வேண்டும். தேர்வுக்கு முந்தைய வாரம் மட்டும் மனம் பாடத்தில் நிற்கவில்லை என்றால் அது வேறு. தூக்கமின்மையும் மனப்பதற்றமும்கூட இதே மாதிரி தோன்றலாம் என்பதால் அவற்றையும் விசாரிக்கிறார்கள்.

சென்ற ஆண்டு நான் மதிப்பீட்டுக்குச் சென்றபோது அம்மாவுக்கும் ஒரு படிவம் தந்தார்கள். படிவம் ஆங்கிலத்தில், அம்மாவுக்கு என் குழந்தைப் பருவம் தமிழில்தான் நினைவிருக்கிறது. ஒவ்வொரு வரியாக மொழிபெயர்த்துக் கேட்டேன்.

“உட்கார்ந்த இடத்தில் நெளிந்துகொண்டே இருப்பேனா?”

“நீ துறுதுறுன்னு இருப்பே. அதுல என்ன இருக்கு?”

‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘மிக அடிக்கடி’ வரை நான்கு கட்டங்கள். துறுதுறுவுக்கு எதில் குறியிடுவது? பொருள்களைத் தொலைப்பேனா என்று கேட்டதற்கு, “எல்லாப் பிள்ளைங்களும்தானே தொலைக்கும்” என்றார். சற்று யோசித்துவிட்டு, நான் தொடக்கநிலை 2ல் படித்தபோது மட்டும் நான்கு தண்ணீர்ப் போத்தல் வாங்கியதை அவரே சொன்னார்.

நம் வீடுகளில் இதற்கு இருக்கும் சொற்கள் ஒன்று கொஞ்சல், இல்லையென்றால் திட்டு. வாலு, துறுதுறு ஒரு பக்கம். சோம்பேறி, ‘கூப்பிட்டா காதுல விழாது’ மறுபக்கம். வகுப்பில் எழுந்து ஓடும் பையனைப் பற்றி ஆசிரியர் வீட்டுக்கு அழைத்துச் சொல்லிவிடுகிறார். சன்னலைப் பார்த்தபடி அமைதியாக இருக்கும் பெண் பிள்ளையைப் பற்றி யார் புகார் செய்வார்? பெண்களுக்குத் தாமதமாகத் தெரியவருவதற்கு அது ஒரு காரணம்.

ஆகவே பெற்றோரிடம் பெயர் சொல்லிக் கேட்பதைவிட நடந்ததைக் கேளுங்கள். வீட்டுப்பாடம் முடிக்க எவ்வளவு நேரம் ஆனது, யாராவது பக்கத்திலேயே உட்கார வேண்டியிருந்ததா, ஆசிரியர் என்ன சொல்வார்? பழைய தேர்ச்சி அறிக்கை அலமாரியில் இருந்தால் எடுத்துச் செல்லுங்கள். ஆசிரியர் எழுதிய ஒரு வரிக் கருத்து மதிப்பெண்களைவிட உதவும்.

“நான் சரியா வளர்க்கலைன்னு எழுதிடுவாங்களா?” இது அம்மாவின் பயம். வளர்ப்பு இதற்குக் காரணமில்லை, மரபணுவுக்குத்தான் பெரிய பங்கு என்று உளவியலாளர் விளக்கினார். அம்மா உடனே மாமாவைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிட்டார்.

செலவைப் பொறுத்தவரை, தனியார் மதிப்பீடு ஆயிரம் வெள்ளியைத் தாண்டலாம். சிங்கப்பூரர்கள் பலதுறை மருந்தகத்தில் பரிந்துரைக் கடிதம் பெற்று அரசாங்க மருத்துவமனைக்குச் சென்றால் மானியம் உண்டு. ஆனால் காத்திருக்க வேண்டும். பள்ளி மாணவர்கள் பள்ளி ஆலோசகரிடமிருந்து தொடங்கலாம். உளவியலாளர் மருந்து எழுதித் தருவதில்லை. தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் அனுப்புவார். நண்பரின் மாத்திரையை வாங்கிப் பார்ப்பது வேண்டவே வேண்டாம். அவை கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள்.

மதிப்பீட்டு அறிக்கை வந்ததும் அதைப் பல்கலைக்கழகத்தின் மாணவர் ஆதரவுப் பிரிவில் கொடுத்தேன். தேர்வில் கூடுதல் நேரமும் ஆள் குறைந்த அறையும் கிடைத்தன. பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் இத்தகைய பிரிவுகள் உள்ளன. விண்ணப்பிக்கக் கெடு உண்டு, அதுவும் தேர்வுக்கு வெகுமுன்பே. கெடுவை மறப்பதுதானே நம் பிரச்சினையே. அறிக்கை கைக்கு வந்த அன்றே அனுப்பிவிடுங்கள்.