பெயர் எங்கட பேரில் இருக்கட்டும்

சிடர்பிறே நூலகத்தில் தோட்டப் புத்தகம் ஒன்றைப் புரட்டிக்கொண்டிருந்த மகள் கேட்டாள்: "அம்மா, அம்மம்மாவின்ர தோட்டத்துக்கு ஒரு வெப்சைட் செய்வமா?"

ஆறாம் வகுப்புப் பிள்ளை. அப்படி ஒரு தளம் முதலே இருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

வோபர்னில் எங்கட பழைய வீட்டுப் பின்வளவில் அம்மா கத்தரி, மிளகாய், பாவல் எல்லாம் வைச்சிருந்தா. முருங்கை மட்டும் தொட்டியில். குளிர் தொடங்க முதல் அதை வீட்டுக்குள்ளே இழுத்து விடுவா. எந்த விதையை எப்ப ஊறப் போடுறது என்று அவ சொல்லச் சொல்ல நான் போனில் பதிந்து, படங்களோடு தளத்தில் ஏற்றினேன். பெயரைப் பதிந்து தந்தவர் தெரிந்த ஒருவர். தன் கணக்கிலேயே, தன் மின்னஞ்சலிலேயே பதிந்தார். பிறகு அவர் வேறு மாகாணம் போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல்கள் எல்லாம் அவர் திறக்காத முகவரிக்குப் போயிருக்கின்றன. அம்மா காலமாகி ஆறு மாதத்தில் தளத்தைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம்.

இணையப் பக்கங்களைச் சேமித்து வைக்கும் வேபேக் மெஷினில் எழுத்தும் சில படங்களும் கிடைத்தன. குரல் பதிவுகள் கிடைக்கவில்லை. 'தளத்தில்தானே இருக்கு' என்று போன் மாற்றும்போது அவற்றை அழித்தது நான்தான்.

அதனால் இந்த முறை விலையைப் பார்க்க முதல், எது யாருடைய கையில் இருக்கப்போகுது என்று பார்த்தோம்.

பெயர்

டொமைன் என்பது விலாசம். ஹோஸ்டிங் என்பது வீடு. இரண்டையும் வேறு வேறு இடத்தில் வாங்கலாம். அப்படிச் செய்தால், வீடு பிடிக்காவிட்டால் விலாசத்தோடு வேறு வீட்டுக்குப் போகலாம்.

டொட் சீஏ பெயர்களை 2000ஆம் ஆண்டு முதல் நிர்வகிப்பது சீரா என்ற அமைப்பு. கனடியக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ளவர்கள் பதியலாம். லண்டனில் இருக்கிற மச்சானை 'உன்ர பேரில் எடு' என்று கேட்க முடியாது. தனிநபராகப் பதிந்தால் உங்கள் பெயரும் வீட்டு முகவரியும் பொதுப் பதிவேட்டில் தெரியாது. அதற்குத் தனியாகக் காசு கேட்டால் கட்ட வேண்டாம். செலவு வருடத்துக்குப் பதினைந்து, இருபது டொலர் அளவில் வரும். அதோடு ஒன்ராறியோவில் 13 வீத வரி.

பெயரை வாயால் சொல்லிப் பாருங்கள். 'முருங்கை'க்கு ஆங்கிலத்தில் ஜீயா, கேயா என்று இரண்டு தரம் விளக்க வேண்டி வந்தால் வேறு பெயர் தேடுவது நல்லது. டொட் சீஏ-யில் பிரெஞ்சு எழுத்துகளுக்கு இடம் உண்டு. தமிழ் எழுத்துக்கு இல்லை.

வீடு

'மாதம் 3 டொலர்' என்ற விளம்பரத்தின் கீழ்ச் சின்ன எழுத்தை வாசியுங்கள். பல இடங்களில் இரண்டு மூன்று வருடக் காசை ஒரேயடியாகக் கட்டினால்தான் அந்த விலை. புதுப்பிக்கும்போது அது இரண்டு மூன்று மடங்காகும். கேட்க வேண்டிய விலை இரண்டாம் தவணையின் விலை. பூட்டு அடையாளத்துக்கான சான்றிதழை லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது. அதற்கும் காசு வேண்டாம்.

படமும் எழுத்தும் மட்டும் என்றால் கிட்ஹப் பேஜஸ் போன்ற இலவச இடமே போதும். அங்கே ஒரு தளத்துக்கு 1 ஜிபி எல்லை. போன் படங்களைச் சுருக்கி ஏற்றினால் ஒரு தோட்டத்துக்கு அது கனக்க. 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கணக்குத் திறக்க முடியாது. கணக்கு உங்களுடையதாக இருக்க வேண்டும்.

ஆனால் இலவசமும் ஒருநாள் முடியும். லட்சக்கணக்கான வீட்டுத் தளங்கள் இருந்த ஜியோசிட்டீஸை 2009இல் யாஹூ மூடியது. இலவச வீடு போனாலும், பெயரும் பிரதியும் கையில் இருந்தால் அடுத்த நாளே வேறு இடத்தில் திறக்கலாம்.

தாள் ஒன்று

பெயரை என் பேரில், நான் தினமும் பார்க்கும் மின்னஞ்சலில் பதிந்தேன். தானாகப் புதுப்பிக்கச் சொல்லியும் வைத்தேன். ஆனால் கிரெடிட் கார்ட் காலாவதியானால் அதுவும் நின்றுவிடும். அதனால் எந்த நிறுவனம், எந்த மின்னஞ்சல், எந்தத் திகதி என்று ஒரு தாளில் எழுதி, பாஸ்போர்ட் வைக்கிற பைலில் வைத்தேன். தங்கச்சிக்கும் ஒரு பிரதி.

அந்தப் பிரதியைக் கொடுக்கப் போனபோதுதான் தங்கச்சி தன் போனைத் தேடிப் பார்த்தாள். வட்ஸ்அப்பில் அம்மாவின் குரல் ஒன்று இருந்தது: "மே லோங் வீக்கெண்டுக்கு முதல் மிளகாய்க் கண்டை வெளியில வைக்காதேங்கோ, பிள்ளையள்."

முதலில் அதை மூன்று இடத்தில் கொப்பி எடுத்தோம். பிறகுதான் மகள் தளத்தில் ஏற்றினாள்.