தேதி தள்ளிப்போனால் மனசு என்ன செய்யும்?

2020 மார்ச் 25-ல் ஊரடங்கு தொடங்கியபோது ஒரகடத்தில் எங்கள் ரூமில் நாலு பேர். 21 நாள்தானே என்று காலண்டரில் ஏப்ரல் 14-ஐ வட்டம் போட்டோம். அது மே 3 ஆச்சு, அப்புறம் மே 17, அப்புறம் மே 31. நடுவில் மே 8-ல் பக்கத்து இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் உற்பத்தியைத் தொடங்கியது. எங்கள் கம்பெனியிலிருந்து போன் இல்லை. முதல் 21 நாள் சீட்டாடிச் சிரித்தவர்கள், தேதி தள்ளத் தள்ளத் தூக்கமில்லாமல் கிடந்தோம்.

ஏன் என்று பிற்பாடு படித்தேன். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் 45 பேரை வைத்து நடந்த ஆய்வு, 2016-ல் வெளியானது. கம்ப்யூட்டர் திரையில் கல்லுக்கடியில் பாம்பு இருக்கா என்று ஊகிக்கணும். இருந்தால் கையில் ஷாக். ஷாக் நிச்சயம் என்று தெரிந்தபோதைவிட, வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றபோதுதான் பதற்றம் உச்சத்தில் இருந்தது.

நாங்கள் தெரியாமலே செய்த வைத்தியமும் இதையொட்டித்தான். நியூஸ் மாலையில் ஒரு தடவை மட்டும். முதல் ஷிப்ட் நேரத்துக்கே எழுந்து குளிப்பது. கையிலிருந்த காசை வாரக் கணக்காகப் பிரித்தோம். சமையல் முறை எழுதிச் சுவரில் ஒட்டினோம். சம்பளப் பயம் போகலை. ஆனால் நாளைக்கு யார் சாம்பார் வைக்கணும் என்பதாவது நிச்சயமாகத் தெரியும். அன்றைக்குத் தூங்க அது போதும்.