பாலம் தாண்டும் வெள்ளி
மாற்றுவதற்கு முன் ஒரு கணக்கு

பால்மரங்கள் சாய்ந்து செம்பனை வந்தது. செம்பனையும் சாய்ந்து பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள் வந்துவிட்டன. தோட்டத்தில் பிழைப்புக் குறைந்ததும் நம் பிள்ளைகள் பட்டணம் போனார்கள். பட்டணத்திலிருந்து பலர் சிங்கப்பூருக்கும் போய்விட்டார்கள். இன்றும் போய்க்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பிள்ளையை வழியனுப்பும்போது வெறுங்கையோடு அனுப்ப முடியுமா? அப்பாவின் சேமிப்பு கொஞ்சம், அம்மாவின் சங்கிலியை அடகு வைத்தது கொஞ்சம், மாமா கொடுத்தது கொஞ்சம் என்று சேர்த்துக் கொடுத்தனுப்புகிறோம். ஜொகூர் பாலத்தின் நீளம் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். ஆனால் அந்த ஒரு கிலோமீட்டரைத் தாண்டியதும் நம் வெள்ளி மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிப் போகிறது. வியர்வை சிந்திச் சேர்த்த பணம் அல்லவா? அதை எப்படி மாற்றுவது, எவ்வளவு மாற்றுவது என்று குடும்பத்தோடு உட்கார்ந்து யோசிப்பது நல்லது.

ஒன்றுக்கு ஒன்று இருந்த காலம்

மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஒரே காசு இருந்த காலத்தைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1967 ஜூன் 12ஆம் தேதி மலேசியா, சிங்கப்பூர், புருணை ஆகிய மூன்று நாடுகளும் தனித்தனி நோட்டுகளை வெளியிட்டன. அப்போதும் மதிப்பில் வேறுபாடு இல்லை. நம் வெள்ளியை அங்கேயும், அவர்கள் வெள்ளியை இங்கேயும் ஒன்றுக்கு ஒன்றாக மாற்றிக்கொள்ளலாம். 1973 மே மாதம் மலேசியா அந்த ஏற்பாட்டிலிருந்து விலகியது. சிங்கப்பூரும் புருணையும் மட்டும் இன்றுவரை அதைத் தொடர்கின்றன.

அதன்பின் இரண்டு காசும் தனித்தனி வழியில் நடந்தன. சிங்கப்பூர் 1981 முதல் தன் வெள்ளியின் மதிப்பை மெல்ல உயர்த்தி, அதன் மூலமே விலைவாசியைக் கட்டுப்படுத்தி வருகிறது. நம் வெள்ளி 1997ஆம் ஆண்டு ஆசிய நிதி நெருக்கடியில் பலத்த அடி வாங்கியது. அதற்கு முன் ஓர் அமெரிக்க டாலருக்கு ஏறக்குறைய இரண்டரை வெள்ளி கொடுத்தோம். 1998 செப்டம்பரில் அரசாங்கம் 3 வெள்ளி 80 காசு என்று கட்டி நிறுத்தியது. 2005 ஜூலையில் அந்தக் கட்டை அவிழ்த்தது. 2024ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு சிங்கப்பூர் வெள்ளி வாங்க நம் காசு மூன்றரை வெள்ளி வேண்டியிருந்தது. பிறகு சற்றே தேறியது.

இதைக் கேட்டு, நம் காசு செல்லாக்காசாகிவிட்டது என்று எண்ண வேண்டாம். வீட்டு வாடகை, பள்ளிச் செலவு, பக்கத்துக் கடைப் பற்று எல்லாவற்றையும் நம் ஊரில் நம் வெள்ளியால்தானே கட்டுகிறோம்? பாலத்தைத் தாண்டும்போதுதான் அதன் மெலிவு தெரிகிறது. ஆகவே இங்கே ஆக வேண்டிய செலவுக்கு அதை இங்கேயே வைத்துவிட்டு, அங்கே தவிர்க்க முடியாத செலவுக்கு மட்டும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதல் ஐந்து வாரம்

அப்படியானால் எவ்வளவு மாற்றுவது? முதல் சம்பளம் கைக்கு வரும்வரை தாங்கும் அளவுக்கு மாற்றினால் போதும். சம்பளக் காலம் முடிந்து 7 நாட்களுக்குள் சம்பளம் கொடுக்க வேண்டும் என்பது சிங்கப்பூர்ச் சட்டம். முதல் தேதி வேலைக்குச் சேர்ந்த பிள்ளைக்கு அடுத்த மாதம் 7ஆம் தேதி பணம் வரலாம். எனவே ஐந்து வாரத்துக்குச் சற்று அதிகமாகவே கணக்குப் போடுங்கள்.

அறை வாடகை, முன்பணம், சாப்பாடு, பஸ் செலவு எல்லாம் சேர்த்து 1,500 சிங்கப்பூர் வெள்ளி தேவை என்று வைத்துக்கொள்வோம். ஒன்றுக்கு 3 வெள்ளி 20 காசு என்றால் நம் காசில் 4,800 வெள்ளி. 2025இல் நம் நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளியாக உயர்ந்தது. அந்தச் சம்பளக்காரர் ஒருவர் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்தாலும் ஏறக்குறைய மூன்று மாத உழைப்பு அது!

ஆகவே புறப்படும் முன்பே செலவைச் சுருக்க வழி பாருங்கள். உறவினர் வீட்டில் முதல் மாதம் தங்க முடியுமா? நான்கு பேர் சேர்ந்து அறை எடுக்க முடியுமா? ஜொகூர் பாருவிலேயே தங்கித் தினமும் போய் வந்தால் வாடகையை நம் காசிலேயே கட்டலாமே! அரிசி, மருந்து, துணிமணி போன்றவற்றில் கொண்டுபோக அனுமதி உள்ளதை இங்கேயே வாங்கிக்கொள்ளட்டும்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். வேலை கொடுப்பதற்காக முதலாளி தொழிலாளியிடம் பணம் வாங்குவது சிங்கப்பூரில் குற்றம். வேலை முகவர் வாங்கும் கட்டணத்துக்கும் வரம்பு உண்டு. ஓராண்டு வேலைக்கு ஒரு மாதச் சம்பளம், எத்தனை ஆண்டானாலும் இரண்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கூடாது. அதற்கு மேல் கேட்பவரிடம் நம் காசைக் கொண்டுபோய்க் கொட்ட வேண்டாம்.

ஊழியர் சேமநிதியை முழுவதும் எடுத்துக்கொண்டு போகலாம் என்று சிலர் எண்ணுகிறார்கள். வெளிநாட்டில் வேலை கிடைத்தது என்பதற்காக அப்படி எடுக்க முடியாது. நாட்டை விட்டுப் போவதாகச் சொல்லி எடுக்கும் வழி, மலேசியக் குடியுரிமையைத் துறந்தவருக்கே உண்டு. ஒரு வகையில் இது நல்லதுதான். முதுமைக்கான காசு இங்கேயே இருக்கட்டும்.

பலகையில் இரண்டு விலை

பணம் மாற்றும் கடைகளில் தமிழ் முஸ்லிம்கள் நெடுங்காலமாக இத்தொழிலை நடத்தி வருகிறார்கள். தமிழிலேயே விலை கேட்கலாம். ஆனாலும் பலகையைப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும்.

அதில் வாங்கும் விலை, விற்கும் விலை என இரண்டு இருக்கும். வாங்குவதும் விற்பதும் கடைக்காரர்; நாமல்ல. உதாரணமாக, சிங்கப்பூர் வெள்ளியை 3.20க்கு வாங்கி 3.25க்கு விற்கிறார் என்போம். நாம் 1,000 சிங்கப்பூர் வெள்ளி பெற 3,250 வெள்ளி கொடுக்க வேண்டும். அதையே அன்று மாலை திருப்பிக் கொடுத்தால் 3,200தான் கிடைக்கும். 50 வெள்ளி போய்விட்டது! இந்த இடைவெளி குறைவாக உள்ள கடையே நமக்கு நல்ல கடை. விமான நிலையத்தில் இது பெரும்பாலும் அதிகமாக இருக்கும். இரண்டு மூன்று கடைகளில் கேட்ட பிறகே மாற்றுங்கள். அதிகமாக மாற்றிவிட்டுத் திரும்ப மாற்றினால் இரண்டு முறை நட்டம்.

பேங்க் நெகாராவின் உரிமம் கடையில் தெரியும்படி உள்ளதா என்று பாருங்கள். நோட்டை அங்கேயே எண்ணி ரசீது வாங்குங்கள். கிழிந்த நோட்டையும் சில்லறையையும் பெரும்பாலும் எடுக்க மாட்டார்கள். நல்ல விலை தருகிறேன் என்று தெருவில் அழைப்பவர் பின்னால் போகவே கூடாது.

பெட்டியில் தூங்கும் நோட்டு

விலை ஏறட்டும் என்று நோட்டைப் பெட்டியில் பூட்டி வைப்பதும் ஆபத்து. வாழைமரப் படம் போட்ட ஜப்பான் நோட்டுகள் 1945இல் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. 1967 நவம்பரில் பிரிட்டிஷ் பவுனின் மதிப்பு இறக்கப்பட்டபோது, கையிலிருந்த பழைய மலாயா வெள்ளி ஒவ்வொன்றும் 85 காசாகிவிட்டது. பினாங்கில் அதை எதிர்த்துக் கடையடைப்பு நடந்து கலவரமே மூண்டது. நம் 500, 1,000 வெள்ளி நோட்டுகள் 1999 ஜூலை முதல் தேதியோடு செல்லாமல் போயின. இந்தியாவின் 500, 1,000 ரூபாய் நோட்டுகள் 2016 நவம்பர் 8ஆம் தேதி நள்ளிரவில் செல்லாதவையாயின. ஊருக்குப் போய் வந்து மிச்ச ரூபாயை அலமாரியில் வைத்திருந்த நம் குடும்பங்கள் எத்தனை!

திரும்பி வரும் காசு

முதல் சம்பளம் வந்ததும் காற்று நம் பக்கம் வீசத் தொடங்கும். இங்கிருந்து போகும்போது சுருங்கிய காசு, அங்கிருந்து வரும்போது மூன்று மடங்காக விரியும். அப்போது முதல் வேலையாக அம்மாவின் சங்கிலியை மீட்க வேண்டும். அடகுக் கடையில் சட்டப்படி மாதம் நூற்றுக்கு 2 வெள்ளி வரை வட்டி வாங்கலாம். 3,200 வெள்ளிக்கு வைத்த நகைக்கு மாதம் 64 வெள்ளி. அதை மீட்க 1,000 சிங்கப்பூர் வெள்ளி வைத்துக்கொண்டு, விலை ஏறட்டும் என்று ஒரு மாதம் காத்திருந்தால், அந்த வட்டியை ஈடுகட்டவே விலை 6 காசுக்கு மேல் ஏற வேண்டும். ஏறும் என்று யார் உறுதி சொல்வார்?

நாணய விலை நம் கையில் இல்லை. எவ்வளவு மாற்றுகிறோம், எங்கே மாற்றுகிறோம், எந்தக் கடனை முதலில் அடைக்கிறோம் என்பவை நம் கையில் இருக்கின்றன. பிள்ளை புறப்படும் முன் ஒரு மாலை, ஒரு தாளும் பென்சிலும் எடுத்து வீட்டில் எல்லாரும் சேர்ந்து இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள்.