இதயத்தைச் சுற்றி வந்து பார்த்தால்

உயர்தர உயிரியல் வகுப்பில் இதயத்தின் படத்தை முதன்முதலில் வரைந்தபோது, இடது இதயவறையை வலது என்று குறித்துவிட்டேன். எதிரே நிற்பவரின் இதயத்தைப் பார்ப்பது போலவே அப்படம் வரையப்படுகிறது என்று ஆசிரியை விளக்கிய பின்னரே புரிந்தது. தாளில் முன்பக்கம் மட்டுமே உண்டு. பின்பக்கத்தை நாமே கற்பனை செய்ய வேண்டும்.

இக்குறையைப் போக்க உதவுவதே மெய்நிகர் தொழில்நுட்பம். கண்களை மறைத்து அணியும் கருவி, இரு கண்களுக்கும் சற்றே வேறுபட்ட இரு படங்களைக் காட்டுகிறது. மூளை அவற்றை இணைத்து ஆழமுள்ள ஓர் உருவமாகக் காண்கிறது. தலையைத் திருப்பினால் காட்சியும் திரும்பும். மருத்துவ, தாதிய மாணவர்கள் இதயத்தைச் சுற்றி வரலாம்; சுவரை விலக்கி வால்வுகளைப் பார்க்கலாம்.

மட்டக்களப்பு வாவியை வரைபடத்தில் பார்ப்பதற்கும் தோணியில் கடப்பதற்கும் உள்ள வேறுபாடு இது. ஆனால் இந்த வாவியில் கையை விட்டால் நனையாது! நாடிச்சுவரின் தடிப்பைத் தொட்டறிய, தானமாகக் கிடைத்த உடல்களே இன்றும் தேவை.

அவுஸ்திரேலியாவின் பொண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017 இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 59 பேர் மண்டையோட்டின் அமைப்பைக் கற்றனர். மெய்நிகர் கருவியில் கற்றவர்களுக்கும் சாதாரண டப்லெட் திரையில் கற்றவர்களுக்கும் புள்ளிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கவில்லை. மெய்நிகர் கருவி ஆர்வத்தைத் தூண்டியது. எனினும் அதை அணிந்தவர்களில் பலருக்குத் தலைச்சுற்றும் ஏற்பட்டது.

ஆகவே, கருவி மட்டும் போதாது. விளங்கும் மொழியும் வேண்டும். இதை எமது நாட்டில் அன்றே உணர்ந்தவர், யாழ்ப்பாணம் மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த அமெரிக்க மிசனரி வைத்தியர் சாமுவேல் கிறீன். 1858 இல் இலண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்றியல் நூல், அவரது முயற்சியால் 1872 இல் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்ற பெயரில் தமிழில் வந்தது.

தமிழில் உயிரியல் கற்கும் நாம், மருத்துவ பீடத்தில் ஆங்கிலத்துக்கு மாற வேண்டியுள்ளது. மெய்நிகர் இதயத்தின் ஒரு பகுதியைச் சுட்டியதும் அதன் பெயர் இரு மொழிகளிலும் தோன்றினால், அந்த மாற்றம் எவ்வளவு எளிதாகும்! அப்படியொரு செயலியை எமது சகோதரிகளில் ஒருத்தி உருவாக்கட்டும்.

விலையுயர்ந்த கருவி இல்லையே என்று பெற்றோர் கவலைப்படத் தேவையில்லை. நான் களிமண்ணில் ஓர் இதயம் செய்து, கையில் வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தேன். இப்போது எனக்கு இடமும் வலமும் மாறுவதில்லை.