52ஆவது ஆளா வந்தா என்ன? என்.பி.ஏ. டிராஃப்ட் சொல்லித் தர்ற சம்பளக் கணக்கு



போன வருஷம் கேம்பஸ் சீசன்ல ஒரு ராத்திரி, நாகர்கோவில்ல இருந்து என் சித்தி மகன் போன் பண்ணினான். இன்ஜினியரிங் கடைசி வருஷம். வேலை கிடைச்சிருக்கு. ஆனா குரல்ல சுரத்தே இல்லை.

"அண்ணே, வேலை கிடைச்சிட்டு. போகவா வேண்டாமான்னு யோசிக்கேன். நாலு லட்சம்தான். கூட உள்ளவனுக்கு அஞ்சு லட்சம், கேட்டியா? லிஸ்ட்டைக் கீழ இருந்து எண்ணினா என் பேருதான் முதல்ல வருது."

வீட்டுல கல்விக் கடன் இருக்கு. படிப்பு முடிஞ்சதும் தவணை தொடங்கிடும். கையில இருக்கற வேலையை வெட்கத்துல விட்டுட்டு, 'நல்ல பேக்கேஜ்' வரும்னு காத்திருக்க நினைக்கிறான். அவன் பள்ளிக்கூட காலத்துல பாஸ்கெட்பால் ஆடினவன். அதனால அவனுக்குப் புரியற மொழியிலயே பேசினேன். அன்னைக்குப் பேசினதைத்தான் இங்க எழுதுறேன்.

அமெரிக்காவோட 'கேம்பஸ் இன்டர்வியூ'

என்.பி.ஏ.ன்னா அமெரிக்காவோட தொழில்முறை பாஸ்கெட்பால் லீக். மொத்தம் 30 அணிகள். வருஷா வருஷம் புது ஆட்டக்காரங்களைத் தேர்ந்தெடுக்கற நிகழ்ச்சிக்குப் பேருதான் டிராஃப்ட். ரெண்டு சுற்று, பொதுவா 60 பேர்.

நம்ம ஐபிஎல் ஏலம் மாதிரி இங்க பணத்தைக் கூட்டிக் கேக்கற வேலை இல்லை. அணிகள் வரிசையா ஆளை எடுக்கும். போன சீசன்ல மோசமா ஆடின அணிகளுக்கு முன்னாடி இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனா முதல் சில இடங்களைக் குலுக்கல் போட்டுத்தான் முடிவு பண்றாங்க. 2025ல வெறும் 1.8% வாய்ப்பு இருந்த டல்லாஸ் அணிக்கு முதல் இடம் அடிச்சது. அவங்க கூப்பர் ஃபிளாக்கை எடுத்தாங்க.

கவனிச்சீங்களா? எந்த அணிக்குப் போறோம்னு ஆட்டக்காரர் முடிவு பண்றதில்லை. உங்க காலேஜுக்கு எந்தக் கம்பெனி வந்துச்சு, அன்னைக்கு அவங்களுக்கு எத்தனை பேர் தேவைப்பட்டாங்க, இதெல்லாம் நீங்க முடிவு பண்ணினதா? முதல் வேலையில திறமையும் இருக்கு, குலுக்கலும் இருக்கு.

நம்ம ஊர்க்காரர் ஒருத்தர்

2015 ஜூன்ல நடந்த டிராஃப்ட்ல 52ஆவது ஆளா ஒரு பேரை வாசிச்சாங்க. சத்னாம் சிங். பஞ்சாப்ல பல்லோ கே கிராமத்துக்காரர், வயசு 19, உயரம் 7 அடி 2 அங்குலம். இந்தியாவுல பிறந்து என்.பி.ஏ. டிராஃப்ட்ல தேர்வான முதல் ஆள் அவர்தான். எடுத்ததும் அதே டல்லாஸ் அணி.

நாடே கொண்டாடுச்சு. ஆனா ஒரு விஷயம் பலருக்குத் தெரியாது. முதல் சுற்றுல தேர்வானவங்களுக்கு எந்த இடத்துக்கு எவ்வளவு சம்பளம்னு அட்டவணையே இருக்கு. நாலு வருஷ ஒப்பந்தம், அதுல முதல் ரெண்டு வருஷம் உத்தரவாதம். ரெண்டாவது சுற்றுக்கு அந்த உத்தரவாதம் கிடையாது. 'உன்னோட ஒப்பந்தம் போடற உரிமை எங்க கிட்ட இருக்கு', அவ்வளவுதான் அர்த்தம்.

சத்னாம் என்.பி.ஏ.வோட கீழ்நிலை லீக்ல, டெக்சாஸ் லெஜெண்ட்ஸ் அணிக்கு ஆடினார். அங்க சம்பளம் என்.பி.ஏ. சம்பளத்துல ஒரு சின்னத் துண்டுதான். என்.பி.ஏ.ல ஒரு ஆட்டம்கூட ஆட வாய்ப்பு வரலை. 2021ல தொழில்முறை மல்யுத்தத்துக்கு மாறி, அமெரிக்காவுலயே ஒரு நிறுவனத்துல சேர்ந்தார்.

'செலக்ட் ஆயிட்டேன்'ங்கறது வேற, 'கைக்குப் பணம் வருது'ங்கறது வேற. சிடிசியும் இதே கதைதான்.

ஒரு லட்சம் வித்தியாசம், கையில எவ்வளவு?

தம்பியோட லெட்டரையும் அவன் நண்பனோடதையும் வாட்ஸ்அப்ல வாங்கிப் பார்த்தேன். ரவுண்டா சொல்றேன்.

நண்பனோட 5 லட்சத்துல வேரியபிள் 60,000, ஜாயினிங் போனஸ் 50,000, கம்பெனி போடற பிஎஃப், கிராஜுவிட்டி சேர்த்து 30,000. இதையெல்லாம் கழிச்சா 3,60,000. மாசத்துக்கு 30,000.

தம்பியோட 4 லட்சத்துல வேரியபிள் 20,000, பிஎஃப், கிராஜுவிட்டி 30,000. மீதி 3,50,000. மாசத்துக்கு 29,167.

லட்ச ரூபாய் வித்தியாசம்னு அவன் தூக்கத்தைக் கெடுத்துக்கிட்டது மாசத்துக்கு 833 ரூபாய்க்கு! ரெண்டு பேருக்கும் அவங்க பங்கு பிஎஃப் பிடிச்ச பிறகு கைக்கு வர்றது இன்னும் குறையும். ஜாயினிங் போனஸ் ஒரு தடவைதான். அதுவும் சீக்கிரம் வேலையை விட்டா திருப்பிக் கட்டணும்னு லெட்டர்ல எழுதியிருந்துச்சு. வேரியபிள் வரலாம், வராமலும் போகலாம். உத்தரவாதமான பணம் எவ்வளவுன்னு மட்டும் பாருங்க.

முதல் ஒப்பந்தத்தை விட ரெண்டாவதுதான் பெருசு

2014 டிராஃப்ட்ல 41ஆவது ஆளா செர்பியாவோட நிகோலா யோகிச்சை டென்வர் அணி எடுத்துச்சு. உடனே அமெரிக்கா போகாம, ஒரு வருஷம் சொந்த நாட்டுலயே ஆடிட்டு 2015ல போனார். முதல் ஒப்பந்தத்துல வருஷத்துக்குச் சுமார் 13 முதல் 15 லட்சம் டாலர். நமக்கு அது மலை. அந்த லீக்ல அது கீழ்ப்படி. 2018ல அவருக்குக் கிடைச்ச ரெண்டாவது ஒப்பந்தம் 5 வருஷத்துக்குச் சுமார் 14.8 கோடி டாலர். 2021, 2022, 2024ன்னு மூணு தடவை லீக்கோட மிகச் சிறந்த ஆட்டக்காரர் விருதும் வாங்கினார்.

மறுபக்கமும் பாருங்க. 2007ல முதல் ஆளா தேர்வான கிரெக் ஓடனுக்கு முழங்கால் காயம் மேல காயம். மொத்த என்.பி.ஏ. வாழ்க்கையில ஆடினது 105 ஆட்டம்தான்.

இன்னொரு சின்னக் கணக்கு. ஒருத்தர் 30,000ல ஆரம்பிச்சு வருஷம் 5% ஏற்றம் வாங்குறார். இன்னொருத்தர் 25,000ல ஆரம்பிச்சு, வேலையைக் கத்துக்கிட்டு 12% வாங்குறார். மூணாவது ஏற்றத்துலயே ரெண்டாமவர் முந்திடுவார்: 35,123, அவருக்கு 34,729. பத்தாவது ஏற்றத்துல இவருக்கு 77,646, அவருக்கு 48,867. 12% தானா வராது. எந்த வேலையில நிஜமா கத்துக்க முடியும்னு கேளுங்க.

வந்த பணம் நிக்கணும்

1996ல 6ஆவது ஆளா தேர்வானவர் ஆன்டவான் வாக்கர். ஆடின காலத்துல சம்பளமா 10 கோடி டாலருக்கு மேல சம்பாதிச்சவர். 2010ல திவால் மனு கொடுத்தார். வீடு, கார், கூட இருந்தவங்களுக்குச் செலவு, ரியல் எஸ்டேட் கடன்னு எல்லாம் சேர்ந்து விழுங்கிடுச்சு. சம்பளம் பெருசா இருந்தா எல்லாம் சரியாயிடும்னு நினைக்கறவங்க இவரை ஞாபகம் வெச்சுக்கோங்க.

தம்பிக்கு நான் சொன்னது நாலே விஷயம்:

1. சேருறதுக்கு முன்னாடி லெட்டர்ல பாண்ட் எத்தனை வருஷம், நோட்டீஸ் எத்தனை நாள்னு படி. வேலை தர முன்பணம் கேட்டாலோ, ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை வாங்கி வெச்சுக்கறோம்னு சொன்னாலோ போகாதே.

2. முதல் ஆறு மாசம் பைக் இஎம்ஐ, போன் இஎம்ஐ எதுவும் வேண்டாம்.

3. ஆறு மாசச் செலவுக்கான பணத்தைத் தனிக் கணக்குல சேரு. கம்பெனி தராத உத்தரவாதத்தை உனக்கு நீயேதான் கொடுத்துக்கணும். அது சேரச் சேரக் கல்விக் கடன் தவணையும் தவறாம போகட்டும். எஸ்ஐபி அதுக்கப்புறம்.

4. வருஷத்துக்கு ஒரு புதுத் திறமை. அடுத்த ஒப்பந்தம் அதுலதான் இருக்கு.

சேர்ந்துட்டான். சென்னையில மூணு பேரோட அறையைப் பகிர்ந்துக்கிட்டு இருக்கான். போன வாரம் ஒரு மெசேஜ்: "அண்ணே, ரெண்டு மாசச் செலவுக்கு சேந்துட்டு. லோன் தவணையும் நான்தான் கட்டுதேன். அப்பாகிட்ட சொன்னேன், ஒண்ணும் பேசல. ஆனா டீக்கடையில எல்லார்ட்டயும் சொல்லிட்டு நடக்காராம்."

உங்க முதல் ஆஃபர் லெட்டரை இன்னைக்கு எடுத்து, உத்தரவாதமான தொகை எவ்வளவுன்னு கணக்குப் போட்டுப் பாருங்க. லெட்டரை வரிவரியா எப்படிப் படிக்கறதுன்னு நம்ம சேனல் வீடியோவுல விளக்குறோம். அடுத்த பதிவுல சந்திப்போம்!