இம்மானுவேல் சேகரன்: படைவீரர், கணவர், கிறித்தவர்



செப்டம்பர் 11 அன்று பரமக்குடிச் சுவர்களில் நாம் பார்க்கும் இம்மானுவேல் சேகரன் கொல்லப்பட்ட தலைவர். வாழ்ந்த மனிதரைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம்.

முதுகுளத்தூர் வட்டம் செல்லூரில், ஆசிரியரான வேதநாயகத்தின் மகனாக 1924 அக்டோபர் 9 அன்று பிறந்தார். அவருக்கு ஆறு வயதானபோது, 1930 டிசம்பரில், இராமநாதபுரம் பகுதி ஆதிக்கச் சாதியினர் நம் மக்கள்மீது எட்டுத் தடைகளை விதித்தார்கள். 1931இல் அவை பதினொன்றாயின. ஜே.எச். ஹட்டன் இவற்றைப் பதிவு செய்திருக்கிறார். ஆண்கள் சட்டையோ கோட்டோ பனியனோ போடக்கூடாது. வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக்கூடாது. பெண்கள் மார்பை மறைக்கக்கூடாது. குடை பிடிக்கக்கூடாது, செருப்பு போடக்கூடாது. மண்பாண்டம்தான் புழங்க வேண்டும். இரண்டாவது பட்டியல் பிள்ளைகள் எழுத்துப் படிப்பதையும் தடுத்தது. ஓர் ஆசிரியரின் வீட்டுக்கு இது என்ன செய்தி என்று விளக்கத் தேவையில்லை.

வெள்ளையனே வெளியேறு இயக்கத்தில் சிறை சென்ற அவர், 1945இல் அதே வெள்ளையரின் இராணுவத்தில் சேர்ந்தார். முரண்பாடாகத் தோன்றலாம். ஆனால் அந்த ஊரில் வளர்ந்த ஓர் இளைஞனுக்கு இராணுவம் என்பது சம்பளம் மட்டுமல்ல. ‘போர்க்குடிகள்’ என்ற கோட்பாட்டைச் சொல்லி ஒடுக்கப்பட்டோருக்கு அடைக்கப்பட்டிருந்த கதவு இரண்டாம் உலகப் போரில்தான் மறுபடி திறந்தது; 1941இல் மகர் படைப்பிரிவு அமைந்தது அப்படித்தான். சட்டையே கூடாது என்று சொன்ன மண்ணின் பிள்ளைக்கு அரசாங்கம் பித்தளைப் பொத்தான் வைத்த சட்டை கொடுத்தது. ஹவில்தார் என்ற பதவியும் கொடுத்தது. பதவிக்குத்தான் சல்யூட், சாதிக்கு அல்ல. அப்படி வாழ்ந்து திரும்பியவரால் ஊரின் பழைய ஒழுங்குக்குள் குனிந்து நுழைய முடியாது. அம்பேத்கரின் தந்தையும் சுபேதார்தான் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

1957இல் முதுகுளத்தூர் இடைத்தேர்தலைத் தொடர்ந்து கலவரம் வெடித்தது. செப்டம்பர் 10 அன்று மாவட்ட ஆட்சியர் கூட்டிய அமைதிக் கூட்டத்தில் தேவேந்திரர் தரப்பின் பிரதிநிதிகளில் ஒருவராக அவர் உட்கார்ந்தார். சமமாக உட்கார்ந்தார் என்பதுதான் செய்தி. மறுநாள் இரவு பரமக்குடியில் வெட்டிக் கொல்லப்பட்டார். வழக்கில் முதன்மைக் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்ட முத்துராமலிங்கத் தேவரை நீதிமன்றம் 1959இல் விடுவித்தது. வேறு மூவர் தண்டிக்கப்பட்டார்கள்.

அப்போது இம்மானுவேலுக்கு வயது 32. படையில் இருந்த காலத்திலேயே மணமானவர். திருமணத்தின் தொடக்க ஆண்டுகளைப் பாசறை எடுத்துக்கொண்டது, பிந்திய ஆண்டுகளை இயக்கம் எடுத்துக்கொண்டது. மனைவி அமிர்தம் கிரேஸ் நான்கு பெண் பிள்ளைகளோடு நின்றார். நம் மேடைகளில் ‘குடும்பத்தையும் பாராமல்’ என்றொரு புகழுரை அடிக்கடி வரும். எங்களுக்கு அதில் உடன்பாடில்லை. தடைப் பட்டியலில் பாதி பெண்ணின் உடலைப் பற்றியும் வீட்டுப் பாத்திரத்தைப் பற்றியும்தானே இருந்தது? அதை எதிர்த்தவரின் போராட்டத்தில் வீடு எப்படி வெளியே நிற்கும்?

பெயரிலேயே இருக்கும் கிறித்தவத்தையும் நாம் விழுங்கிவிடுகிறோம். 1950 ஆகஸ்ட் 10 அன்று வெளியான குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவரைப் பட்டியல் சாதியாகக் கருத முடியாது என்றது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் அது திருத்தப்பட்டது. கிறித்தவருக்கும் முஸ்லிமுக்கும் இன்றுவரை இல்லை. வெட்டியவர்கள் அவரது மதத்தைக் கேட்டு வெட்டவில்லை. சட்டம் மட்டும் கேட்கிறது. 2010இல் அவருக்குத் தபால்தலை வெளியிட்டது இந்திய அரசு. அவரைப் போல ஞானஸ்நானம் பெற்ற பறையர், பள்ளர், அருந்ததியர் பிள்ளைகளுக்குப் பட்டியல் சாதிச் சான்றிதழை மறுப்பதும் அதே அரசின் ஆணைதான்.