மலையேற மறுக்கும் மோட்டார்

திருத்தணிகை மலைக்குப் படிவழி சென்றால் 365 படிகள். மோட்டாருக்குத் தனிச் சாலை உண்டு. அச்சாலையில் பழைய அமெரிக்க வண்டியொன்று உறுமிக்கொண்டே நகராமல் நின்றால் குற்றம் எங்கே? பலர் எஞ்சினைப் பழிப்பர். எஞ்சினோ நன்றாகத்தான் சுழல்கிறது. அச்சுழற்சி சக்கரங்களை எட்டவில்லை.

1940ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபைல் வண்டிகளில் 'ஹைட்ராமாட்டிக்' என்னும் தானியங்கிக் கியர்ப்பெட்டி வந்தது. அதற்குக் கிளச்சு மிதி இல்லை. எஞ்சினின் சுழற்சியை எண்ணெயே ஏந்திச் செல்கிறது. பம்பு அழுத்தித் தரும் அவ்வெண்ணெயே உள்ளேயுள்ள கிளச்சுத் தகடுகளையும் இறுக்குகிறது. எண்ணெய் குறைந்தால் பம்பு காற்றையும் உறிஞ்சும், அழுத்தம் தாழும், தகடுகள் வழுக்கும். சமதரையில் மறைந்திருந்த குறை ஏற்றத்தின் பளுவில் வெளிப்பட்டுவிடும்.

அந்நிலையில் வண்டியை மேலும் முறுக்காதீர்கள். வழுக்கும் தகடுகள் கருகும். சக்கரத்துக்குக் கல் கொடுத்து நிறுத்துங்கள். பின்னர்ச் சமதரையில், பெட்டி சூடாயிருக்கையில், நியூட்ரலில் எஞ்சின் மெல்ல ஓட, அளவுகோலை உருவிப் பாருங்கள். அளவு குறைவாயின் கசிவைத் தேடுக. மிகுதியாக ஊற்றிவிடுவாரும் உளர். சுழலும் உறுப்புகள் அதைத் தயிர்போற் கடைந்து நுரையாக்கும், பழைய தொல்லையே திரும்பும். அளவு சரியாயிருந்தும் எண்ணெய் கறுத்துத் தீய்ந்த நாற்றம் வீசினால், பெட்டியைப் பிரித்துத் தகடுகளைப் பார்ப்பதன்றி வேறு வழியில்லை.